எட்டு வரிப் பச்சை

திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு. மெல்லியதுதான், எதிரே நின்று பார்ப்பவர் கண்ணில் சட்டென்று படாது. ஆனால் ஒருமுறை என் கண்ணில் பட்ட பிறகு அந்தத் திரையில் வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கேமரா மாட்டிய ஒரு சின்ன போர்டு, படத்தை எச்.264 என்ற வீடியோ சுருக்கும் தரநிலைப்படி சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்பும். மறுமுனையில் இன்னொரு சின்ன போர்டு அதை விரித்துத் திரையில் காட்டும். சுருக்குவதையும் விரிப்பதையும் சிப்புக்குள் அதற்கென்றே இருக்கிற என்கோடரும் டீகோடரும் பார்த்துக்கொள்ளும், சிபியு கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அதே ஸ்ட்ரீமை லேப்டாப்பில் திறந்தால் படம் சுத்தமாக வந்தது. அப்படியானால் கோளாறு திரையில்தான் என்று முடிவு கட்டிக் கேபிளை மாற்றினேன், திரையையும் மாற்றினேன். புதுத் திரையிலும் பச்சை அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டீகோடரிலிருந்து வெளியே வரும் ஒரு பிரேமை அப்படியே ஃபைலில் கொட்டிப் பார்க்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. 1920க்கு 1080 படம், ஒரு புள்ளிக்குச் சராசரியாக ஒன்றரை பைட். ஃபைல் 31,10,400 பைட் இருக்க வேண்டும். இருந்ததோ 31,33,440. வித்தியாசம் 23,040 பைட். அதை 1920-ஆலும் ஒன்றரையாலும் வகுத்தால் 8 வரும். எட்டு வரி கூடுதல். அந்த எட்டைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

எச்.264 படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்ப்பதில்லை. 16க்கு 16 சதுரமாக வெட்டித்தான் பார்க்கும், அந்தச் சதுரத்துக்கு மேக்ரோபிளாக் என்று பெயர். 1920-ஐ 16-ஆல் வகுத்தால் 120, மீதி இல்லை. 1080-ஐ வகுத்தால் 67.5. அரைச் சதுரம் என்று ஒன்று கிடையாது, ஆகவே என்கோடர் 68 வரிசையாக வைத்துக்கொள்கிறது. 68 பெருக்கல் 16, 1088. கேமரா 1080 வரிதான் நிரப்பும். கடைசி எட்டு வரி மெமரியில் பூஜ்ஜியமாகவே கிடக்கும், அதையும் படம் என்றே எண்ணி என்கோடர் சிரத்தையாகச் சுருக்கி அனுப்பிவிடும்.

பூஜ்ஜியம் என்றால் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும், பச்சை எங்கிருந்து வந்தது? இங்கே நிறம் சிவப்பு, பச்சை, நீலமாகச் சேமிக்கப்படுவதில்லை. வெளிச்சம் ஒன்று, நிற வித்தியாசம் இரண்டு, ஆக மூன்று எண்கள். நிற வித்தியாசத்துக்கு நடுநிலை 128, பூஜ்ஜியமல்ல. மூன்றையும் பூஜ்ஜியமாக்கிக் கணக்குப் போட்டால் சிவப்பும் நீலமும் எதிர்மறைக்குப் போய் வெட்டுப்பட்டுவிடும். பச்சை மட்டும் பாதி அளவில் மிஞ்சும். வீடியோ வேலை செய்கிறவர்கள் இந்தப் பச்சையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார்கள். யாரோ நிரப்பாமல் விட்ட மெமரி என்று அதற்குப் பொருள்.

ஸ்ட்ரீமின் தலைப்பகுதியில், எஸ்பிஎஸ் என்ற இடத்தில், கீழே எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது எழுதியே இருந்தது. அந்த எண் 4. நிறத் தகவல் உயரத்திலும் அகலத்திலும் பாதி அளவில்தான் இருப்பதால் ஓர் அலகுக்கு இரண்டு வரி, ஆக எட்டு. லேப்டாப்பில் இருந்த பிளேயர் அதைப் படித்து வெட்டியது. என் போர்டில் டீகோடருக்கும் திரைக்கும் இடையே இருந்த நிரல் படிக்கவில்லை. 1088 வரியையும் இழுத்துத் திரையில் போட்டுவிட்டது.

சரி, உயரத்தை 1080 என்று கையாலேயே எழுதிவிடுவோம் என்று மாற்றினேன். கீழே இருந்த பச்சை போய்விட்டது. மேலே வந்துவிட்டது, அதுவும் இரண்டு மடங்காக, பதினாறு வரிக்கு. அதோடு படத்தில் இருந்த எல்லா நிறமும் பதினாறு வரி கீழே சரிந்திருந்தது. முகத்தில் உதட்டுச் சிவப்பு மோவாய் பக்கம் இறங்கியிருந்தது. காரணம் எளிது. மெமரியில் முதலில் வெளிச்சம் முழுதும், அதன் பிறகு நிறம். நிறம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த நிரல் உயரத்தை வைத்துத்தான் கணக்கிட்டது. நான் உயரத்தைக் குறைத்ததும் எட்டு வரி முன்னாலேயே நிறத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. நிறத்தில் எட்டு வரி என்பது திரையில் பதினாறு. காட்டும் உயரம் வேறு, மெமரியில் கிடக்கும் உயரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி மாறி வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

இத்தனைக்கும் டீகோடர் ஒரு தவறும் செய்யவில்லை. அதனிடம் 1088 வரி வந்தது, 1088 வரியை அச்சுப் பிசகாமல் விரித்துக் கொடுத்தது. இந்தப் பகுதிகளின் குணமே இந்தப் பிடிவாதம்தான். அவற்றின் வேகமும் அதிலிருந்துதான் வருகிறது.

சுருக்காத 1080 வரிப் படம், நொடிக்கு 30 பிரேம் என்றால் 9.3 கோடி பைட். அதை ஐந்தாறு மெகாபிட்டுக்குச் சுருக்கினால் நூறு மடங்குக்கு மேல் சுருக்கியாக வேண்டும். விரிக்கும்போது நாலைந்து படிகள் உண்டு. முதலில் பிட்டுகளை எண்களாக்க வேண்டும், பிறகு அவற்றை எதிர்த்திசையில் உருமாற்ற வேண்டும், முந்தைய பிரேம்களிலிருந்து ஊகித்த படத்தோடு கூட்ட வேண்டும், கடைசியில் சதுரங்களின் ஓரத்தில் தெரியும் வெட்டை மழுப்ப வேண்டும். இதில் முதல் படிதான் சிபியுவுக்கு எமன். கேபாக் என்ற முறையில் ஒவ்வொரு துணுக்கும் முந்தைய துணுக்கு என்னவாக வந்தது என்பதைப் பொறுத்தே படிக்கப்படுகிறது. எட்டு துணுக்கை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்றால் முடியாது. வரிசையில்தான் போக வேண்டும். நான்கு கோர் இருந்தாலும், ஒரே துண்டாகச் சுருக்கிய பிரேமுக்குள் இந்தப் படிக்கு அவை உதவாது.

தனி வன்பொருளுக்கு இந்தக் கவலை இல்லை. ஒரு சதுரம் முதல் படியில் இருக்கும்போது அதற்கு முந்தையது இரண்டாவது படியில், அதற்கும் முந்தையது மூன்றாவதில் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் அதற்கு மட்டுமே தெரிந்த ஒரு சுற்று. கட்டளை படிப்பது, எந்தப் பக்கம் தாவுவது என்று யோசிப்பது எதுவும் கிடையாது. சிலநூறு மெகாஹெர்ட்ஸில், தொட்டால் சூடு தெரியாத அளவில், சிபியு மூச்சுவாங்கும் வேலையைச் செய்துவிடும். ஒரு நாள் சோதனைக்காக அதே போர்டில் மென்பொருள் டீகோடரை ஓட்டினேன். நான்கு கோரும் உச்சத்துக்குப் போய், சிப் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. வேகம் குறைந்ததும் பிரேம்கள் விழுந்தன.

சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் இதெல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும்: “1080பி30 எச்.264”. அந்த 30 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சுவாரசியம். தரநிலையில் லெவல் என்று ஒன்று உண்டு. லெவல் 4-க்கு நொடிக்கு 2,45,760 மேக்ரோபிளாக் உச்சம். 1088 வரிப் படத்தில் 120 பெருக்கல் 68, அதாவது 8,160 சதுரம். வகுத்தால் 30.1 பிரேம். டேட்டாஷீட்டில் எழுதுகிறவர் பெரும்பாலும் இந்த வரம்பைத்தான் திருப்பி எழுதுகிறார். அதே பகுதி 720 வரிப் படத்தை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக விரிக்கும், காரணம் அதில் 3,600 சதுரம்தான். நாலு சின்னக் கேமராக்களின் படத்தை ஒரே டீகோடரில் ஓட்ட நினைப்பவர்கள் சதுரத்தை எண்ணினால் போதும்.

அந்த ஒரு வரி சொல்லாமல் விடுவது நிறைய. சுருக்குவது 30, விரிப்பது 30 என்று இரண்டு வரி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்திலா, மாற்றி மாற்றியா? பல சிப்களில் இரண்டு வேலையும் ஒரே வன்பொருளைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. எச்.264 என்று போட்டிருந்தால், ஓர் எண்ணுக்கு 8 பிட்டுக்குப் பதில் 10 பிட் வைக்கும் எச்.264-ம் அதில் அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. பல சின்னச் சிப்கள் அதைத் தொடாது. நிறத்தைப் பாதி அளவில் வைக்கும் இந்த அமைப்புக்கு 4:2:0 என்று பெயர், அது தவிர வேறு நிற அமைப்பும் பலவற்றில் ஓடாது. கணினித் திரையைப் படம்பிடித்து அனுப்பும்போது கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து குழைந்துபோவது இதனால்தான். நிறத் தகவல் நாலு புள்ளிக்கு ஒன்றுதான் போகிறது. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் பிட் அளவை, எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பி வராது.

சிப்பில் இருக்கிறது என்பதால் உங்கள் கையில் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. இங்கே பூசாரி, வன்பொருளை ஓட்டும் மென்பொருளான டிரைவர்.

லினக்ஸில் இந்தப் பகுதிகள் இரண்டு சாதி. ஒன்று, எல்லாவற்றையும் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. உள்ளே ஒரு குட்டி பிராசஸரும் அதற்கு ஒரு ஃபர்ம்வேரும் இருக்கும். ஸ்ட்ரீமை அப்படியே ஊற்றினால் அதுவே பிரித்துப் படித்துப் பிரேம்களைக் கொடுக்கும். ஐ.எம்எக்ஸ் 6 என்ற சிப்பில் இருக்கும் கோடா 960 இந்த வகை. பயன்படுத்த எளிது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஸ்ட்ரீமில் சின்னப் பிழை வந்து ஃபர்ம்வேர் உறைந்துபோனால் ரீசெட் செய்வதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று எதையும் நினைவில் வைக்காத வகை. ஹான்ட்ரோ, செட்ரஸ் டிரைவர் ஓட்டும் ஆல்வின்னர் சிப்பின் டீகோடர், ராக்சிப்பின் டீகோடர் எல்லாம் இதில் சேரும். ஸ்ட்ரீமின் தலைப்பகுதியைப் படிப்பது நம் மென்பொருளின் வேலை. ஒவ்வொரு பிரேமுக்கும், இது எந்தெந்தப் பழைய பிரேமைப் பார்க்க வேண்டும், அளவுருக்கள் என்னென்ன என்று எழுதிக் கையில் கொடுத்தால், அந்த ஒரு பிரேமை மட்டும் விரித்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். இதற்கு லினக்ஸில் முறையான வழியே வெகுகாலம் இல்லாமல் இருந்தது. 2018 இறுதியில் வந்த 4.20 கர்னலில்தான், பிரேமோடு அதன் அளவுருக்களையும் சேர்த்துக் கொடுக்கும் ரிக்வெஸ்ட் ஏபிஐ நுழைந்தது, செட்ரஸ் டிரைவரும் கூடவே வந்தது. அதற்குப் பூட்லின் நிறுவனம் அந்த ஆண்டு பொதுமக்களிடம் நிதி திரட்டியிருந்தது. எச்.264-க்கான இடைமுகம் சோதனை நிலையைத் தாண்டி நிலைபெற்றது 2021-ல் வந்த 5.11-ல். சிலிக்கான் கடைக்கு வந்து வருடக்கணக்கில் ஆன பிறகு கதவு திறந்திருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். உழைப்பு கூடுதல், ஆனால் தப்பு நடந்தால் தப்பு என் நிரலில்தான் இருக்கும், நான் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கதவு திறந்த பிறகும் ஓர் இடத்தில் நன்றாக இடறி விழுந்தேன். டீகோடர் ஓடுகிறது, சிபியு சும்மா இருக்க வேண்டும், ஆனால் சிபியுவின் உழைப்பைக் காட்டும் ‘டாப்’ கருவியில் பார்த்தால் ஒரு கோர் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. விரிப்பது வன்பொருள்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. வன்பொருள்தான். டீகோடர் கொடுத்த பிரேமை என் நிரல் வேறொரு இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒன்பது கோடி பைட் நகலெடுப்பது ஒரு வேலையா என்று தோன்றும். ஆனால் அந்த மெமரி, சிபியு தன் பக்கத்தில் வைத்திருக்கும் வேக நினைவகமான கேஷுக்குள் வராத வகை. டீகோடர் எழுதியதைச் சிபியு பழசாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்து படிப்பது நத்தை வேகம். விரிக்கும் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, தூக்கிக்கொண்டு நடக்கும் பாரத்தைத் தலையில் ஏற்றியிருந்தேன்.

தீர்வு, நகலே எடுக்காமல் விடுவது. டிஎம்ஏ-பஃப் என்ற ஏற்பாட்டில், பிரேம் கிடக்கும் இடத்தின் அடையாளத்தை மட்டும் டீகோடரிடமிருந்து வாங்கித் திரைக் கட்டுப்பாட்டுப் பகுதியிடம் கொடுத்துவிடலாம். படம் இருந்த இடத்தை விட்டு அசையாது. சிபியு அதைத் தொடவே தொடாது. 4கே, 10 பிட், நொடிக்கு 60 பிரேம் என்று போனால் இது விருப்பமாக இருக்காது, கட்டாயம். பிரேமை ஒருமுறை எழுதுவதற்கே நொடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஜிகாபைட் ஆகிவிடும், பழைய பிரேம்களைத் திரும்பப் படிப்பது அதற்கு மேல். சின்ன போர்டின் மெமரிப் பாதையில் கூட ஒரு நகலுக்கு இடமிருக்காது. சில சிப்கள் இதனாலேயே பிரேமைக்கூடத் தங்களுக்குள் சுருக்கி வைத்துக்கொள்கின்றன. அப்போது ஃபைலில் கொட்டிப் பார்த்தால் படத்துக்குப் பதில் குப்பைதான் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விரிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சுருக்குவது முற்றிலும் வேறு வேலை. எச்.264 தரநிலை டீகோடரை மட்டும்தான் வரையறுக்கிறது. ஒரு ஸ்ட்ரீமுக்கு ஒரே ஒரு சரியான விடை உண்டு, கடைசி பிட் வரை. எந்தச் சிப் விரித்தாலும் அதே படம் வர வேண்டும். என்கோடருக்கு அப்படி எதுவும் இல்லை. விரிக்க முடிகிற எதை எழுதினாலும் அது சட்டப்படி சரி. நல்ல என்கோடரும் மட்டமான என்கோடரும் டேட்டாஷீட்டில் ஒரே வரியாகத்தான் இருக்கும்.

அந்த வேலையின் கனத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுரம் முந்தைய பிரேமில் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். எல்லாப் பக்கமும் 16 புள்ளி தூரம் வரை ஒன்று விடாமல் தேடினால் 33க்கு 33, அதாவது 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல். நொடிக்கு 2,44,800 சதுரம். பெருக்கினால் நொடிக்கு 6,800 கோடிக்கு மேல். யாரும் இப்படி முழுக்கத் தேடுவதில்லை. எங்கே தேடாமல் விடுவது என்பதில்தான் என்கோடரின் சாமர்த்தியமே இருக்கிறது. மென்பொருள் என்கோடர் நாற்பது பிரேம் முன்னால் எட்டிப் பார்த்து, இந்தச் சதுரம் பின்னால் எத்தனை முறை பயன்படும் என்றெல்லாம் யோசிக்கும். சின்னச் சிப்பில் இருப்பது வந்த பிரேமை வந்தபடியே முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். முன்னும் பின்னும் உள்ள பிரேம்களைப் பார்த்துச் சுருக்கும் பி-பிரேமே போடாதவை பல. ஆகவே அதே தரத்துக்கு அதற்குக் கூடுதல் பிட் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

என் கேமரா பகலில் அழகாக ஓடியது. இருட்டியதும் முகம் எல்லாம் பிசைந்த மாவு போல ஆனது. பிட்ரேட்டை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்த பிறகு, சுருக்குவதற்கு முந்தைய படத்தைப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்ததும் கேமரா தன் உணர்திறனை ஏற்றியிருந்தது. படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல். பிரேமுக்குப் பிரேம் ஒவ்வொரு சதுரமும் மாறிக்கொண்டே இருந்தால் முந்தைய பிரேமில் தேடி என்ன கிடைக்கும்? கைக்கு அடங்கிய பிட்டுகளை என்கோடர் அந்த இரைச்சலை வரைவதிலேயே செலவழித்துவிட்டது. உணர்திறனுக்கு ஓர் எல்லை வைத்து, சுருக்குவதற்கு முன் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்ததும் அதே பிட்ரேட்டில் முகம் திரும்பி வந்தது. என்கோடரில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

இன்னும் இரண்டு சங்கடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்பிஎஸ், பிபிஎஸ் என்ற தலைப்பகுதிகளைச் சில என்கோடர்கள் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் எழுதும். முதலில் சேர்ந்தவருக்குப் படம் தெரியும், ஐந்து நிமிடம் கழித்து வந்தவருக்கு வெறும் கறுப்பு. ஒவ்வொரு முதன்மை பிரேமுக்கும் முன்னால் அவற்றைத் திரும்ப எழுதச் சொல்லும் ஓர் அமைப்பு பெரும்பாலும் இருக்கும், தேடிப் போட வேண்டும். அடுத்தது தாமதம். பி-பிரேமே இல்லாத ஸ்ட்ரீம், ஆனாலும் படம் சற்றுப் பிந்தியே வந்துகொண்டிருந்தது. பிரேம்கள் வரிசை மாறி வராது என்று ஸ்ட்ரீமில் எங்கும் எழுதவில்லை. ஒருவேளை மாறி வந்தால் என்ன செய்வது என்று டீகோடர் நாலு பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. நாலு பிரேம் என்றால் 133 மில்லிநொடி. தலைப்பகுதியில் ஒரு எண்ணைச் சேர்த்ததும் தாமதம் காணாமல் போனது. பச்சைக் கோட்டைப் போலவே இதிலும் டீகோடர் சட்டப்படிதான் நடந்திருக்கிறது.

இந்தப் பகுதிகள் இனிமேலும் எல்லாச் சிப்பிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையின் சிபியு அரதப் பழசு, ஆனால் 1080 வரி எச்.264-ஐச் சிரமமில்லாமல் ஓட்டியது, அத்தனையும் வன்பொருள் டீகோடரின் தயவு. எம்பெக்-2-க்கு உரிமச் சாவியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. வன்பொருள் உள்ளேயே இருக்கும், பூட்டு மட்டும் மேலே. 2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை 5-ல் எச்.264-க்கான வன்பொருளையே எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த தலைமுறைத் தரநிலையான எச்.265-ஐ விரிக்கும் பகுதி மட்டும் மிச்சம். சிபியு வலுத்துவிட்டது, அதுவே எச்.264-ஐப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. என்விடியாவின் ஜெட்சன் ஓரின் நானோவிலும் வன்பொருள் என்கோடர் கிடையாது, அதற்கு முந்தைய ஜெட்சன் நானோவில் இருந்தது. புதுசு வாங்கினால் பழையதில் இருந்தது எல்லாம் அதிலும் இருக்கும் என்று எண்ணிக் கேமரா வேலைக்கு எடுத்தவர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள்.

வன்பொருளை அப்டேட் செய்ய முடியாது, தலைவலி இதுதான். ஏவி1 என்ற புதுச் சுருக்கும் முறை 2018-ல் வந்தபோது சந்தையில் இருந்த எந்தச் சிப்புக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வழியில்லை. இப்படிப்பட்ட முறைகளில், அதாவது கோடெக்குகளில், எது பத்து வருடம் நிற்கும் என்று சிப் வரைகிறவர் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். எச்.265 தொழில்நுட்பத்தில் நன்றாகவே இருந்தும், காப்புரிமைக் கட்டணம் கேட்பவர்கள் மூன்று தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றதில் அதன் பயணம் மெதுவாகிப்போனது. எச்.264 வயதாகியும் நகராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

போன மாதம் அந்தப் பழைய ஜோடி போர்டுகளை எச்.265 தெரிந்த புது ஜோடிக்கு மாற்றினேன். எனக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. எச்.265-ல் 16 என்ற கட்டாயம் இல்லை, படத்தின் அளவு 8-ன் மடங்காக இருந்தால்கூடப் போதும். 1080 என்பது 135 எட்டு, மீதியே வராது. அந்த எட்டு வரி ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டு முதல் பிரேமை ஃபைலில் கொட்டி அளவைப் பார்த்தேன்.

31,33,440 பைட். இந்தச் சிப் மெமரியை 64 வரிக் கட்டங்களாகத்தான் ஒதுக்குகிறது. பதினேழு கட்டம், 1088 வரி.